பெற்றோல் இல்லாத 2022 ஜூனில் கொழும்பின் ஓசோன் ஏன் அசையவில்லை? செய்மதித் தரவு பற்றி ஒரு கேள்வி

புதுச்செட்டித்தெரு எழுதியது:

வணக்கம். இறுதி வருட ஆய்வுக்குக் கொழும்பின் வளி மாசை எடுத்திருக்கிறேன். 2022 ஜூன், ஜூலை யாருக்கும் மறந்திருக்காது. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது, ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள், காலி வீதியில் சைக்கிள்களைத்தான் கண்டோம். வாகனம் ஓடாவிட்டால் ஓசோனும் குறைந்திருக்க வேண்டும், அதைச் செய்மதித் தரவில் காட்டலாம் என்ற எண்ணத்தில்தான் தலைப்பைப் பதிவு செய்தேன்.

கூகிள் ஏர்த் எஞ்சினில் சென்டினல்-5பி செய்மதியின் ஓசோன் தரவை எடுத்து 2019, 2022, 2023 மூன்று வருடத்துக்கும் ஜூன்-ஜூலை சராசரி போட்டுப் பார்த்தேன். கொழும்பு மாவட்டம் முழுக்க 0.12ஐச் சுற்றியே நிற்கிறது. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் ஆடுகிறதுதான், ஆனால் அதே ஆட்டம் அனுராதபுரத்திலும் இருக்கிறது, ஆளே இல்லாத நடுக்கடலிலும் இருக்கிறது. வரைபடத்தைப் பெரிதாக்கினால் கொள்ளுப்பிட்டிக்கும் மருதானைக்கும் இடையில் சிறிய நிற வித்தியாசம் தெரிகிறது. அதை வைத்தாவது ஏதும் சொல்லலாமா?

அதோடு 0.12 என்றால் என்ன அலகு, 824 கிலோமீற்றர் மேலே பறந்துகொண்டு கண்ணுக்கே தெரியாத ஒரு வாயுவை எப்படி அளக்கிறார்கள் என்றும் யாராவது சொன்னால் பெரிய உதவி. கருவி வேலை செய்யும் விதத்தை ஒரு அத்தியாயமாக எழுதச் சொல்லி மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். தேடினால் கிடைப்பது ஒன்று பாலர் வகுப்புப் படம், இல்லாவிட்டால் பக்கம் முழுக்கச் சமன்பாடு.


திருசியமானி எழுதியது:

முதலில் அந்த 0.12. அது சதுர மீற்றருக்கு மோல். 2241.15 ஆல் பெருக்குங்கள், டொப்சன் அலகில் 269 வரும். ஓசோன்காரர்கள் கதைப்பதெல்லாம் இந்த அலகில்தான், 1920களில் ஒக்ஸ்பேர்டில் இதற்கான கருவியைக் கட்டிய டொப்சனின் பெயர் அது. உங்கள் தலைக்கு நேர் மேலே, தரை தொடங்கி வளிமண்டலத்தின் உச்சிவரை உள்ள ஓசோனை மட்டும் பிரித்தெடுத்து, கடல்மட்ட அமுக்கத்தில் 0 பாகை செல்சியஸில் ஒரு படையாகப் பரப்பினால் எவ்வளவு தடிப்பு வரும் என்பதுதான் கணக்கு. 100 அலகுக்கு 1 மில்லிமீற்றர். ஆகக் கொழும்புக்கு மேலே இருப்பது 2.7 மில்லிமீற்றர். அவ்வளவுதான், அதை நம்பித்தான் நாம் வெயிலில் இறங்குகிறோம்.

இந்த 2.7 மில்லிமீற்றரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு படைமண்டலத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் அது 17 கிலோமீற்றர் அளவில்தான் தொடங்குகிறது, பொரளைச் சந்தி புகைக்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை. கீழே என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். தரையோடு உள்ள 1 கிலோமீற்றர் வளியில் நூறு கோடி மூலக்கூறுக்கு 30 ஓசோன் மூலக்கூறு என்று வையுங்கள், அது மொத்த நிரலில், அதாவது தரை முதல் உச்சிவரை உள்ள ஓசோனில், ஏறக்குறைய 2.5 அலகுதான். பெற்றோல் இல்லாததால் அதில் மூன்றில் ஒரு பங்கு மாறியிருந்தாலும் 0.8 அலகு. நல்ல கருவியிலும் மொத்த நிரலின் பிழை ஒன்றிரண்டு வீதம், அதாவது மூன்று முதல் ஐந்து அலகு. லொறியைத் தராசுப் பாலத்தில் ஏற்றி நிறுத்துவிட்டு, கிளீனர் ஒரு கிலோ மெலிந்தாரா என்று கேட்பது மாதிரித்தான் உங்கள் கேள்வி. அனுராதபுரமும் கடலும் சேர்ந்து ஆடுகிறதென்று நீங்களே கண்டுபிடித்தீர்களே, நீங்கள் பார்ப்பது மேல் மண்டலம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இனிக் கருவி. செய்மதியில் ஓசோனை உறிஞ்சிப் பார்க்கும் குழாய் எதுவும் இல்லை, அதற்கு வருவது ஒளி மட்டும்தான். சூரியனின் புறஊதா ஒளி கீழே இறங்குகிறது, வழியில் வளி மூலக்கூறுகள் அதைச் சிதறடிக்கின்றன, மிச்சம் முகிலிலோ தரையிலோ பட்டுத் திரும்புகிறது, அப்படி மேலே திரும்பி வரும் பங்கை ஒரு நிறமாலைமானி அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து எண்ணுகிறது. ஓசோன் 312 நனோமீற்றரில் நன்றாக உறிஞ்சும், 331இல் கொஞ்சம், 360இல் அநேகமாக ஒன்றுமில்லை. முகிலும் புழுதியும் தரையும் இந்த அடுத்தடுத்த அலைநீளங்களை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் நடத்தும். ஆகவே ஒன்றை மற்றதால் வகுத்தால் அவையெல்லாம் பெரும்பாலும் கழன்றுவிடும், ஓசோன் தின்ற பங்கு மிஞ்சும். 1978 ஒக்டோபரில் நிம்பஸ்-7இல் ஏறிய டொம்ஸ் கருவி இதைத்தான் 312.5 முதல் 380 வரை ஆறே ஆறு அலைநீளத்தில் செய்தது, நீண்ட அலைநீளங்களை வைத்து முகில் எவ்வளவு பிரதிபலிக்கிறதென்று கண்டுபிடித்துக்கொண்டு குறுகியவற்றில் ஓசோனைப் பிடித்தது. எண்பதுகளில் உலகம் பார்த்த அந்த நீல ஊதா அந்தாட்டிக்கா வரைபடங்கள் எல்லாம் இந்த ஆறு எண்களிலிருந்து வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

1995இல் ஈ.ஆர்.எஸ்-2 செய்மதியில் போன கோம் கருவியிலிருந்து கதை மாறியது. அதன்பிறகு 2004இல் ஓமி, 2017 ஒக்டோபரில் உங்கள் சென்டினல்-5பியில் ட்ரொபோமி. இவை ஆறு புள்ளிகளோடு நிற்பதில்லை, முழு நிறமாலையையும் எடுக்கின்றன. 325க்கும் 335 நனோமீற்றருக்கும் இடையில் ஓசோனின் உறிஞ்சல் வரைபு மேடும் பள்ளமுமாக இருக்கும், அந்த மேடுபள்ளத்தை அளந்த நிறமாலையில் தேடிப் பொருத்துகிறார்கள். முகிலுக்கோ புழுதிக்கோ அப்படியொரு கைரேகை கிடையாது, அதனால் பிரித்தெடுப்பது சுலபம். அந்தப் பள்ளங்களின் ஆழம் வெப்பநிலையோடு மாறும் என்பதால் வெப்பநிலையையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும், இதை உங்கள் அத்தியாயத்தில் ஒரு வரியாவது எழுதுங்கள், பலர் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, கருவி சூரியனையும் ஒரு பரவல் தட்டு வழியாக ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறது. பூமியிலிருந்து வந்த ஒளியைச் சூரிய ஒளியால் வகுப்பதால் கண்ணாடி மங்குவது போன்ற வயதுக் கோளாறுகளில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். தட்டும் வயதாகும் என்பது வேறு விடயம்.

இதுவரை கிடைத்தது ஒளி வந்த சாய்வுப் பாதையில் இருந்த ஓசோன். அதை நேர்க்குத்தான நிரலாக மாற்றும்போதுதான் ஊகம் நுழைகிறது. சூரியன் எந்தக் கோணத்தில், செய்மதி எந்தக் கோணத்தில், முகில் எந்த உயரத்தில், ஓசோன் எந்தெந்த உயரத்தில் எவ்வளவு பரந்திருக்கும் என்றெல்லாம் ஒரு கணினி மாதிரியில் போட்டுக் கணிக்க வேண்டும். இந்த இடம் உங்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் இரண்டு விதத்தில் கொழும்பின் தரை மறைகிறது. ஒன்று, இந்த அலைநீளங்களில் ஒளியில் பெரும்பங்கு தரையைத் தொடும் முன்பே சிதறித் திரும்பிவிடும், அதனால் அடி வளியில் உள்ள ஓசோனுக்குக் கருவி அரைக்கண்தான் திறந்திருக்கிறது. மற்றது முகில். ஜூன் ஜூலை தென்மேல் பருவக்காற்றுக் காலம், மேற்குக் கரையில் முகில் இல்லாத மத்தியானம் அரிது. முகிலுக்குக் கீழே கருவிக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பகுதிக்குப் பழைய சராசரியிலிருந்து ஒரு எண்ணை எடுத்து நிரப்பிவிட்டுத்தான் முழு நிரல் என்று தருகிறார்கள். அதாவது நீங்கள் 2022 ஜூனின் மாற்றத்தைத் தேடும் அதே அடிப்பகுதியில் பல நாட்களுக்கு இருப்பது அளவீடே இல்லை.

கொள்ளுப்பிட்டி, மருதானை வித்தியாசத்தை மறந்துவிடுங்கள். ட்ரொபோமியின் ஒரு காலடி, அதாவது ஒரு அளவீட்டில் அது பார்க்கும் தரைப்பரப்பு, 2019 ஓகஸ்டிலிருந்து 5.5க்கு 3.5 கிலோமீற்றர், அதற்கு முன் 7க்கு 3.5. அதுவும் செய்மதிக்கு நேர் கீழே மட்டும், ஓரத்துக்குப் போகப் போகப் பெரிதாகும். ஏர்த் எஞ்சினில் வைத்திருப்பது அதை 0.01 பாகைச் சதுரங்களாக நறுக்கிய தரவு, ஒரு சதுரம் ஏறக்குறைய 1.1 கிலோமீற்றர். நறுக்கினால் விபரம் கூடாது.


ஹெவ்லொக்_ரவுண்_வாசி எழுதியது:

ஆய்வுக்காரர் கோபிக்க வேண்டாம், இடையில் ஒரு கேள்வி. 269 என்றால் குறைவு இல்லையா? ஐரோப்பாவில் 350, 400 என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். வெயில் கூடிய இடத்தில்தான் ஓசோன் உண்டாகிறது என்று ஏ.எல். இரசாயனத்தில் படித்தோமே, அப்படியானால் நமக்கல்லவா கூட இருக்க வேண்டும்?


அளவைக்காரி எழுதியது:

உண்டாவது இங்கேதான், தங்குவது அங்கே. வெப்பவலயத்தில் வளி மேலெழும்பிப் படைமண்டலத்துக்குள் புகுந்து, அங்கிருந்து மெதுவாகத் துருவங்களை நோக்கி நகர்ந்து கீழிறங்குகிறது. ப்ரூவர்-டொப்சன் சுற்றோட்டம் என்பார்கள். ப்ரூவர் 1949இல் படைமண்டலம் இவ்வளவு வரண்டிருப்பது ஏன் என்று யோசித்துத்தான் இதைப் பிடித்தார், டொப்சன் ஓசோனை வைத்து அதே இடத்துக்கு வந்தார். இங்கே பிறந்த ஓசோன் இப்படி வடக்கும் தெற்கும் போய்க் குவிகிறது, நமக்கு வருடம் முழுக்க 240க்கும் 280க்கும் இடையில் ஏதோ ஒன்று. அதற்கு மேல் சூரியன் ஏப்ரலில் ஒரு தடவை, செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஓசோனும் மெல்லியது, ஒளி வரும் பாதையும் மிகக் குறுகியது, புறஊதாச் சுட்டி 11ஐத் தாண்டுவது அதனால்தான். காலிமுகத்திடலில் மத்தியானம் பட்டம் விடுபவர்களுக்குச் சொல்லிவையுங்கள். இது ஓட்டை விழுந்ததால் அல்ல, எப்போதும் இப்படித்தான்.

கேள்வி கேட்ட பிள்ளை கண்ட வருட ஆட்டத்துக்கும் பெரும்பாலும் விடை இங்கேதான். நிலநடுக்கோட்டுக்கு மேலே படைமண்டலக் காற்று சராசரியாக 28 மாதத்துக்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாகத் திசை மாறும், அதோடு சேர்ந்து ஓசோன் நிரலும் பல அலகு ஏறி இறங்கும். அதற்குக் கொழும்பென்றும் தெரியாது, பெற்றோல் வரிசையென்றும் தெரியாது. பத்துப் பதினைந்து வருடத் தரவை எடுத்துப் பார்த்தால் அந்த அலை கண்ணுக்கே தெரியும்.


பழைய_பேப்பர் எழுதியது:

இந்த மாதிரிக் கணக்குகளை நான் இவ்வளவு நம்பமாட்டேன். நாசாவின் கொம்பியூட்டர் அந்தாட்டிக்கா ஓசோன் ஓட்டையை "இது பிழையான எண்" என்று சொல்லி வருடக்கணக்காகக் குப்பையில் போட்டது தெரியாதா? கடைசியில் தரையில் பழைய கருவியோடு இருந்த மூன்று பிரித்தானியர்கள்தான் கண்டுபிடித்தார்கள். முகிலுக்குக் கீழே பழைய சராசரியை நிரப்புகிறார்கள் என்று மேலே ஒருவரே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் எதற்கு இந்தச் செய்மதி?


திருசியமானி எழுதியது:

பிரித்தானியர்கள் விடயம் முழுக்கச் சரி. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் ஹாலி விரிகுடா நிலையத்து டொப்சன் கருவியின் அளவுகளை வைத்து 1985 மே மாதம் எழுதினார்கள், ஒக்டோபர் மாதங்களில் முன்பு 300ஐ அண்டியிருந்தது 200க்குக் கீழே போயிருந்தது. பெருமை அவர்களுக்குத்தான், அதில் வாதமில்லை.

குப்பைக் கதைதான் சரியில்லை. நிம்பஸ்-7 மென்பொருள் 180 அலகுக்குக் குறைந்த எண்களுக்குச் சந்தேகக் கொடி போட்டது, அழிக்கவில்லை. அதுவரை உலகில் எங்கும் அப்படி ஒரு எண் வந்ததில்லை என்பதால் வைத்த எல்லை அது. 1983 ஒக்டோபர் தரவைப் பரிசீலித்தபோது கொடிகள் அந்தாட்டிக்காவின் மேல் கும்பலாக நிற்பதை நாசா குழு கண்டது. கருவிக் கோளாறா என்று பார்க்கத் தென்துருவ நிலையத்து டொப்சன் அளவோடு ஒப்பிட்டார்கள், அங்கே 300 என்று போட்டிருந்தது. அந்தத் தரை அளவுதான் பிழை, கருவியில் அலைநீளம் சரியாக அமைக்கப்படாததால் வந்தது என்று பின்னால் தெரியவந்தது. தரைக் கருவி என்றால் எப்போதும் உண்மை பேசும் என்று ஒரு விதியும் இல்லை. பவன் பார்ட்டியா 1985 ஓகஸ்டில் ப்ராக் நகரக் கூட்டத்தில் செய்மதி வரைபடத்தைக் காட்டினார், ஸ்டொலார்ஸ்கி குழுவின் கட்டுரை 1986இல் வந்தது. அந்தத் தரவு குப்பைக்குப் போயிருந்தால் 1979 வரை பின்னால் போய் ஓட்டை எப்படி வளர்ந்தது என்று இன்றைக்கு யாராலும் வரைய முடியாது. ஹாலியில் இருந்தவர்களுக்கு அது ஒரு புள்ளி. அது ஒரு கண்டத்தின் அளவு என்று காட்டியது செய்மதிதான், அதற்குத்தான் செய்மதி.

நம் ஊருக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு, ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கை நாடுகளின் 13ஆவது கூட்டம் 2001 ஒக்டோபரில் கொழும்பில்தான் நடந்தது.

தரைக் கருவிகளோடு ஒப்பிடாமல் எந்தச் செய்மதி ஓசோனையும் யாரும் ஏற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நமக்குக் கிட்ட உள்ளது கொடைக்கானல், அங்கே டொப்சன் அளவீடு ஐம்பதுகளில் தொடங்கியது. உயரவாரியாகப் பார்க்கப் பலூன்கள். ஒரு பம்பு வளியை இழுத்துப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலுக்குள் விடும், ஓசோன் அதோடு தாக்கமுற்று மின்னோட்டம் உண்டாக்கும், அந்த மின்னோட்டம்தான் அளவு. 1998இலிருந்து வெப்பவலயத்துக்கென்றே அப்படி ஒரு பலூன் வலையமைப்பு இருக்கிறது, கோலாலம்பூரும் ஜாவாவும் ரீயூனியன் தீவும் அதில் உண்டு. நம்மிடம் இல்லை.


புதுச்செட்டித்தெரு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு இருவருக்கும் மிக நன்றி. தலைப்பை மாற்றப் படிவம் கொடுத்தால் ஒரு மாதம் ஓடிவிடும், மாற்றாமல் ஒப்பேற்ற வழி இருக்கிறதா? படைமண்டலப் பகுதியைக் கழித்துவிட்டுக் கீழ்ப்பகுதி ஓசோனை மட்டும் எடுக்கும் தரவு இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படி ஒன்று உண்டா, அளவைக்காரி அக்கா?


அளவைக்காரி எழுதியது:

உண்டு தம்பி, தங்கச்சியென்றால் மன்னிக்கவும். இரண்டு வழி. முதலாவது நேரடிக் கழித்தல். ஓரா செய்மதியில் ஓமியோடு எம்.எல்.எஸ் என்று இன்னொரு கருவி இருக்கிறது, அது பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து ஓசோன் தானாக வெளியிடும் நுண்ணலையை அளக்கும், சூரியன் தேவையில்லை, இரவிலும் வேலை செய்யும், உயரவாரியாகத் தரும். ஓமியின் மொத்தத்திலிருந்து எம்.எல்.எஸ் தரும் படைமண்டலப் பங்கைக் கழித்தால் மிச்சம் கீழ்ப்பகுதி.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் முகில் எதிரியாக இல்லாமல் கூலியாளாக மாறுகிறது. வெப்பவலயத்தின் பெரிய இடிமுகில்களின் தலை 10, 15 கிலோமீற்றர் உயரத்துக்குப் போகும். அப்படிப்பட்ட முகிலுக்கு மேலே கருவி காண்பது அநேகமாகப் படைமண்டல ஓசோன் மட்டும்தான். பக்கத்தில் முகிலில்லாத இடத்தில் முழு நிரல் கிடைக்கும். இரண்டையும் கழி, கீழ்ப்பகுதி வந்துவிட்டது, ஒரே கருவியில், அதனால் கருவியின் பொதுப் பிழையும் சேர்ந்து கழிந்துவிடும். தொண்ணூறுகளில் சீம்கே குழு டொம்ஸ் தரவில் செய்த முறை இது. ட்ரொபோமிக்கும் இதே முறையில் கீழ்மண்டல ஓசோன் தருகிறார்கள், தென் 20 பாகைக்கும் வட 20 பாகைக்கும் இடையில் மட்டும். படைமண்டல அளவை எடுக்கும் முகில்கள் கிழக்கு நெடுங்கோடு 70லிருந்து பசிபிக் வரை உள்ளவை, அதாவது நம் தலைக்கு மேலே நிற்கும் முகிலும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் உங்கள் வேலைக்கு அதுவும் உதவாது. அது பெரிய சதுரங்களில், பல நாள் சராசரியாக வருவது, காட்டுத்தீப் புகையையும் பருவக்காற்றையும் பார்க்க நல்லது, ஒரு நகரத்தைப் பார்க்க அல்ல. வட இந்தியாவின் மாசு வடகீழ்ப் பருவக்காற்றோடு நம் பக்கம் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அதை எடுங்கள்.

இனி உங்கள் ஆய்வின் அடிப்படைக்கே வருகிறேன். வாகனம் குறைந்தால் தரை ஓசோன் குறைய வேண்டும் என்பதே நிச்சயமில்லை. புகைக்குழாயில் வருவது பெரும்பாலும் நைதரிக் ஒட்சைட்டு, அது அருகில் உள்ள ஓசோனைத் தின்று நைதரசனீரொட்சைட்டாக மாறும். அதனால் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குள் ஓசோன் குறைவாகவும், காற்று அடிக்கும் பக்கம் பத்து இருபது கிலோமீற்றர் தள்ளிக் கூடவும் இருப்பது வழமை. வாகனத்தை நிறுத்தினால் தின்பதற்கு ஆளில்லாமல் நகர நடுவில் ஓசோன் ஏறலாம். 2020 ஊரடங்கில் பல நாட்டு நகரங்களில் அப்படித்தான் ஏறியது. ஆகவே செய்மதி அசையாமல் நின்றது ஒரு பக்கம், உங்கள் எதிர்பார்ப்பின் திசையே தலைகீழாக இருக்கலாம்.

எனவே ஓசோனை விட்டு நைதரசனீரொட்சைட்டுக்கு மாறுங்கள். தலைப்பில் "வளி மாசு" என்று பொதுவாகத்தானே இருக்கிறது, படிவம் தேவைப்படாது. அதே ட்ரொபோமி, அதே ஏர்த் எஞ்சின். அது புகைக்குழாயிலிருந்து நேரே வருவது, சில மணித்தியாலத்தில் அழிந்துவிடுவது, நகரத்தின் மேல் குவிந்து நிற்பது, உறிஞ்சுவது நீல ஒளியை என்பதால் ஒளி தரைவரை நன்றாக இறங்கும். செய்மதிக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு உதாரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, தேவேந்திரமுனைக்குத் தெற்கே சுமாத்திராவை நோக்கிப் போகும் கப்பல் பாதை. இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் மிக மங்கலான கண் கொண்ட கோம் தரவிலேயே அந்தக் கோடு தெரிந்தது, 2004இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

காலத்தையும் மாற்றுங்கள். 2022 ஜூன்-ஜூலையில் முகில் ஒரு தொல்லை, கடலிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று இன்னொன்று, நகரத்துப் புகை சேர்வதற்கு முன்பே உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். அதோடு மின்வெட்டுக்கு ஜெனரேற்றர் ஓடியது, அனல் மின் நிலையங்கள் எரிபொருளுக்கு ஏற்ப ஓடின, நின்றன, சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையமும் அந்த வருடம் நின்று நின்றுதான் ஓடியது. எது வாகனத்தால், எது மற்றதால் என்று பிரிக்க முடியாது. 2020 மார்ச் 20இல் தொடங்கிய ஊரடங்கு உங்களுக்கு நல்லது. இடைப்பருவக் காலம், காற்று மெலிது, இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான், செய்மதி வருவதோ 1.30 மணி அளவில். 2019, 2021 ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். 2022ஐ இரண்டாவது உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.


புதுச்செட்டித்தெரு எழுதியது:

தங்கச்சிதான் அக்கா. இப்போதுதான் ஏப்ரல் தரவை ஏற்றிப் பார்த்தேன், நைதரசனீரொட்சைட்டில் கொழும்பு தனியாகத் தெரிகிறது, ஓசோன் வரைபடத்தில் இப்படி ஒன்றையும் காணவில்லை. இரண்டு கேள்வி. சில சதுரங்களில் மறை எண் வருகிறது, அவற்றை 0 ஆக்கிவிடவா? மணித்தியாலத்துக்கு ஒருமுறை தரும் கொரியச் செய்மதி ஒன்று இருக்கிறதாமே, அதை எடுத்தால் நல்லதா?


அளவைக்காரி எழுதியது:

மறை எண்களைத் தொடவே வேண்டாம். மாசு இல்லாத கடலின் மேல் உண்மை அளவு பூச்சியத்துக்குக் கிட்ட, இரைச்சல் அதைச் சுற்றி இரண்டு பக்கமும் ஆடும். கீழ்ப்பக்கத்தை மட்டும் வெட்டினால் உங்கள் சராசரி செயற்கையாக ஏறிவிடும். தர எண் (அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று தரவோடு வரும் எண்) குறைந்தவை வேறு, ஏர்த் எஞ்சினில் நைதரசனீரொட்சைட்டுக்கு 0.75க்குக் குறைந்தவற்றை ஏற்கெனவே எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் சதுரத்துக்கு எத்தனை நாள் தேறியது என்று மட்டும் எண்ணி ஒரு அட்டவணையில் போடுங்கள், ஒரு வருடம் இருபது நாள், இன்னொரு வருடம் நாலு நாள் என்று இருந்தால் ஒப்பிடவே கூடாது.


திருசியமானி எழுதியது:

கொரியச் செய்மதிக் கருவியின் பெயர் ஜெம்ஸ், 2020 பெப்ரவரியில் போனது, நிலநடுக்கோட்டுக்கு மேலே கிழக்கு நெடுங்கோடு 128 பாகையில் நிற்கிறது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் நின்று ஆசியாவின் வளி மாசைப் பார்க்கும் முதல் கருவி. அந்தச் சுற்றுப்பாதையில் தொடர்பாடல் செய்மதிகளை நிறுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் பிறகு கொழும்புக்கே குடிவந்தார், ஆனால் இந்தச் செய்மதியின் பார்வை கொழும்போடு ஏறக்குறைய முடிகிறது, மேற்கு எல்லை 75 பாகை, நாம் 80க்கு ஒரு துளி உள்ளே. அவ்வளவு சாய்வாகப் பார்ப்பதால் காலடி நீண்டுவிடும், முகிலின் பக்கச்சுவரும் குறுக்கே வரும். 2020 ஏப்ரலுக்கு அது வேலைக்கும் தயாராகவில்லை. ட்ரொபோமியோடு நில்லுங்கள்.

எல்லைக் கோட்டை மட்டும் மாவட்டத்தோடு நிறுத்தாதீர்கள். மேற்குக் காற்றுள்ள நாட்களில் புகை கடுவெலை, அவிசாவளை தாண்டியும் நீளலாம். முதலில் ஒவ்வொரு நாளின் காற்றுத் திசையையும் பதிந்து நாட்களைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்துக்கொண்டு, அதன்பிறகு சராசரி எடுங்கள்.